அஜித் ஓட்டிய கார்கள்

சங்கரன்கோவிலில் எந்த டீக்கடை வாசலில் நின்று அஜித் பேச்சை எடுத்தாலும் ஒரு பட்டியல் வரும். வாலி, பில்லா, மங்காத்தா, விடாமுயற்சி என்று போகும். 2025 ஜனவரிக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ‘துபாய்’ என்று ஒரு பெயரும் சேர்ந்து கொண்டது. அது படம் இல்லை, 24 மணி நேரக் கார் பந்தயம். அவருடைய அணி அதில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அவர் தேசியக் கொடியைத் தூக்கிக் கொண்டு வந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. நம்ம பையன்கள் விசிலடித்துத் தீர்த்து விட்டார்கள்.

ஆனால் அந்த வீடியோவில் ஒரு விவரம் தெரியாது. மூன்றாம் இடம் வந்த அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டியவர் அஜித் இல்லை!

என்னது, அப்போ எல்லாம் பில்டப்பா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம் :-) அது என்ன கதை என்று கடைசியில் வரும். அதற்கு முன்னால் அவர் ஏறி இறங்கிய வண்டிகளை வரிசையாகப் பார்த்து விடலாம். அதைப் பார்த்தால்தான் துபாயில் அவர் செய்ததன் அருமை தெரியும்.

முதலில் ஒரு விஷயம். அஜித் தொழில்முறைப் பந்தய வீரர் இல்லை. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் மாதிரி சின்ன வயதிலிருந்து இதையே தொழிலாக எடுத்து, 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 வரை போனவர் இல்லை. சோறு போடுவது சினிமா. பந்தயம் ஆசைக்கு. வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களை ‘ஜென்டில்மேன் டிரைவர்’ என்பார்கள். சுத்தத் தமிழில் சொன்னால் அமெச்சூர்!

பள்ளிப் படிப்பை முடிக்காமல் விட்ட அஜித், என்ஃபீல்டு நிறுவனத்தில் பைக் மெக்கானிக் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பைக் பந்தயத்திலும் இறங்கினார். அடிபட்டது. முதுகில் பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. வேறு யாராக இருந்தாலும் ‘போதுண்டா சாமி’ என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர் இரண்டு சக்கரத்திலிருந்து நாலு சக்கரத்துக்கு மாறினார்.

2002 வாக்கில் அவர் ஓட்டியது ஃபார்முலா மாருதி. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய வண்டி போல இருக்கும். உள்ளே இருப்பது மாருதி 800 எஞ்சின். ஆமாம், நம்ம ஊர் டாக்டர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் நின்ற அதே மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. ரோட்டில் ஓடும் காரில் அதன் சக்தி 40 குதிரைத்திறனைத் தாண்டாது. அதை எடுத்து, இரும்புக் குழாய்களால் கட்டிய ஒற்றை இருக்கைக் கூட்டில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி விட்டால் ஃபார்முலா மாருதி தயார். கூரை கிடையாது, கதவு கிடையாது.

இந்தக் காரை 1980-களின் கடைசியில் உருவாக்கியவர் கோயமுத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். பெரிய மில் குடும்பம். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் எதை வேண்டுமானாலும் இறக்குமதி செய்து தான் மட்டும் ஓட்டி ஜெயித்திருக்கலாம். அந்தக் காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தபோது அப்படிச் செய்த பணக்காரர்களும் உண்டு. கரி என்ன செய்தார் என்றால், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேர் கிடைக்கிற ஓர் எஞ்சினை எடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரியான கார் செய்து கொடுத்தார். ‘என் வண்டி சரியில்லை’ என்று யாரும் சாக்கு சொல்ல முடியாது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் இந்த ஃபார்முலா மாருதியில்தான். கரி 1995-இல் விமான விபத்தில் இறந்து போனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரில் உள்ளதுதான்.

சரி, சக்தி குறைந்த கார் என்ன கற்றுக் கொடுக்கும்?

ஒரு சின்ன உதாரணம். பழைய மொபெட்டில் ஏற்றம் ஏறியவர்களுக்குத் தெரியும். ஏற்றத்துக்கு முன்னாலேயே வேகம் பிடித்து விட வேண்டும். பாதியில் வேகத்தை விட்டால் போச்சு, இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஃபார்முலா மாருதியும் அப்படித்தான். இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தளம் (1990-இல் வந்தது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்) முழுக்க வளைவுகள். வளைவில் தேவைக்கு மேல் ஒரு தடவை பிரேக்கை மிதித்து விட்டால், போன வேகத்தைத் திரும்பப் பிடிக்க அந்த எஞ்சினில் தெம்பு கிடையாது. அடுத்த நேர்ச்சாலை முழுக்க அந்தத் தப்புக்கு வட்டி கட்ட வேண்டும். அதனால் ஓட்டுபவர் கையைக் குறைவாகத் திருப்பி, வளைவின் வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வரக் கற்றுக் கொள்கிறார். வேகத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யும் பழக்கம் வந்து விடுகிறது.

அடுத்து 2003. ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா. இங்கே ஒரு வேடிக்கை. அந்தக் காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் பைக் எஞ்சின்! கே1200ஆர்எஸ் என்ற பெரிய பைக்கின் 1,171 சிசி எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன். காரின் எடை 455 கிலோ அளவு. பைக் மெக்கானிக்காகத் தொடங்கியவரைச் சுற்றி வளைத்து மறுபடி பைக் எஞ்சினிடமே கொண்டு வந்து விட்டிருக்கிறது வாழ்க்கை.

இந்தக் காரில் முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்கும். இது அதைத் தலைகீழாகச் செய்யும், காரைத் தரையோடு அழுத்தும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும், டயரின் பிடியும் கூடும். புரிகிறதா சிக்கல்? சில வளைவுகளில் பயந்து மெதுவாகப் போனால் பிடி குறைந்து வழுக்கும். தைரியமாக வேகத்தோடு போனால் ஒட்டிக் கொள்ளும். மாருதியில் பழகிய உடம்பு ‘மெதுவா போ’ என்கிறது. இந்தக் கார் ‘என்னை நம்பு’ என்கிறது. இரண்டும் உண்மை, ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் காரில்தான் உண்மை.

அந்தப் பந்தயத்தொடர் முக்கியமாக இளைஞர்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. அஜித்துக்கு அப்போது வயது 32. கோகார்ட்டில் சின்ன வயதிலேயே உட்கார்ந்து பழகிய பையன்களோடு போட்டி. இங்கே சென்னையில் அவர் பெயருக்கு கட்-அவுட், பால் அபிஷேகம். அங்கே ஹெல்மெட் போட்டால் பின்வரிசையில் நிற்கும் இன்னொரு கார், அவ்வளவுதான். ஒரு பெரிய நடிகர் தன்னைவிடப் பாதி வயதுப் பையன்களிடம் உலகறியத் தோற்கச் சம்மதிப்பது சாதாரண விஷயம் இல்லை.

2010-இல் ஃபார்முலா 2. இந்தத் தடவை வயது 39. கூடவே ஓட்டிய மற்ற இரண்டு இந்தியர்கள் அர்மான் இப்ராஹிமும் பார்த்திவா சுரேஷ்வரனும். கார் வில்லியம்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 1.8 லிட்டர் ஆடி டர்போ எஞ்சின், 400 குதிரைத்திறனுக்கு மேல். இங்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான கார். இந்த வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது தலை முன்னால் பிடுங்கிக் கொண்டு போகும், வளைவில் கழுத்து பக்கவாட்டில் இழுபடும். முதுகில் அத்தனை கத்தி பட்டவர் அந்தக் குறுகிய தொட்டிக்குள் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். மேடை ஏறவில்லை. கோப்பை இல்லை.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2024 செப்டம்பரில் ‘அஜித் குமார் ரேசிங்’ என்று சொந்த அணியை அறிவித்தார். பந்தயம் நடக்கும் மாதங்களில் படம் ஒப்புக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தார். இந்தத் தடவை கார் போர்ஷே 911 ஜிடி3 கப்.

இங்கேதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. இதற்கு முன்னால் அவர் ஓட்டிய பந்தயக் கார்களில் எஞ்சின் ஓட்டுபவருக்குப் பின்னால், ஆனால் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். அதாவது பாரம் நடுவில். போர்ஷே 911-இல் எஞ்சின் பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆறு சிலிண்டர், 4 லிட்டர், சக்தி 500 குதிரைத்திறன் அளவு. அத்தனை பாரமும் வாலில்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். பாரம் அதே பாரம்தான். இருக்கிற இடம் மாறினால் வண்டியின் குணமே மாறி விடும். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிக்கும் 911-க்கும் இயற்பியல் ஒன்றுதான்.

பின்பாரக் காரில் முன் சக்கரத்தின் மேல் எடை குறைவு. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சீக்கிரம் கேட்காது, நேராகவே போகப் பார்க்கும். அதனால் வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொண்டே போக வேண்டும். அப்போதுதான் எடை முன்னால் சாய்ந்து முன் டயர் தரையைக் கடிக்கும். சரி, வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால்? வாலில் இருக்கும் பாரம் ஊசல் மாதிரி வீசும். கார் பின்னால் சுழன்று விடும். பயத்தில் நாம் இயல்பாகச் செய்கிற காரியம்தான் அந்தக் காரில் மிக ஆபத்தான காரியம். ஆனால் பொறுமையாக வளைவை முடித்து விட்டால், அதே பின்பாரம் பின் டயர்களைத் தரையில் அழுத்தி, காரை வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி தள்ளும். வேகமாக வெளியே வர, மெதுவாக உள்ளே போக வேண்டும்.

ஆக 20 வருடப் பழக்கத்தில் பாதியை மறந்துவிட்டு 53 வயதில் புதிதாகப் படிக்க வேண்டும். நமக்கு ஒரு அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டரில் மறுபடி படிக்கவே எவ்வளவு எரிச்சல் வருகிறது!

இப்போது துபாய்க்கு வருவோம். துபாய் ஆட்டோட்ரோம், ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர். பந்தயம் 2025 ஜனவரி 11 மதியம் தொடங்கி 12 மதியம் வரை. ஒரே காரைப் பல ஓட்டுநர்கள் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இரவு முழுக்க, ஹெட்லைட் வெளிச்சத்தில். வேகமான கார்களும் மெதுவான கார்களும் ஒரே தளத்தில். ஒருவர் செய்யும் தப்புக்கு மற்ற எல்லோரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும். அஜித்தின் கார் எண் 901. கூட ஓட்ட இருந்தவர்கள் மாத்யூ டெட்ரி, ஃபாபியன் டுஃபியூ, கேமரன் மெக்லியாட்.

ஜனவரி 7, பயிற்சி ஓட்டம். காரின் பிரேக் பிடிக்காமல் போனதாகச் செய்திகள் வந்தன. கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. முன்பக்கம் நொறுங்கிப் போயிருந்தது. அஜித் காயமில்லாமல் இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோவையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. அவருடைய அணி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நீண்ட நேரப் பந்தயத்தின் கடினத்தையும் அவருடைய நலனையும் அணியின் வெற்றி வாய்ப்பையும் யோசித்து, 901-ஆம் எண் காரை ஓட்டுவதிலிருந்து அஜித் விலகிக் கொள்கிறார். அணியின் சொந்தக்காரராக மட்டும் இருப்பார். அவர் ஓட்டப் போவது வேறொரு அணியோடு சேர்ந்து, கீழ்ப்பிரிவான ஜிடி4-இல், 414-ஆம் எண் போர்ஷே கேமன்.

யோசித்துப் பாருங்கள். அணி அவருடையது. காரின் மேல் அவர் பெயர். அவரைப் பார்க்கத்தான் துபாயில் அத்தனை தமிழர்கள் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார்கள். ‘நான்தான் ஓட்டுவேன்’ என்று சொன்னால் மறுத்துப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தில் அவர் தன் காரிலிருந்து இறங்கினார். மற்ற மூன்று பேரும் ஓட்டினார்கள். மூன்றாம் இடம் வந்தது.

அவரும் சும்மா இருந்து விடவில்லை. கேமனில் எஞ்சின் நடுவில். பழைய ஃபார்முலா கார்கள் மாதிரி பாரம் மையத்தில் இருப்பதால் திருப்பினால் திரும்பும், வால் அவ்வளவு மிரட்டாது. மோதி நான்கு நாள் ஆகாத ஒருவர் மனசையும் கையையும் ஒரு நிலைக்குக் கொண்டு வர 911-ஐவிட இது கொஞ்சம் சாதுவான வண்டி. அதில் அவர் தன் பங்கை ஓட்டினார். ‘ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்’ என்ற விருதும் கிடைத்தது. அந்த விருதுதான் அவர் ஓட்டிச் சம்பாதித்தது.

பிறகு மறுபடி 911-க்கே திரும்பினார். பிப்ரவரியில் ஸ்பெயின் வலென்சியாவில் இன்னொரு காரோடு மோதி வண்டி உருண்டது, அதிலும் காயமில்லாமல் வெளியே வந்தார். மார்ச்சில் இத்தாலி முஜெல்லோவில் 12 மணி நேரப் பந்தயம். அங்கே அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம். இந்த முறை ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு மாதம் முன்னால் இறங்கத் தெரிந்ததால்தான் இந்த மேடை கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சாயங்காலம் ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் போனால், அஜித் ஸ்டிக்கர் ஒட்டிய பைக்குகள் முன் சக்கரத்தைத் தூக்கிக் கொண்டு பறக்கும். ஹெல்மெட் டேங்க் மேல் இருக்கும், தலையில் இருக்காது. துபாயில் மோதிய காரில் அஜித்தைச் சுற்றி இரும்புக் கூண்டு இருந்தது, தீப்பிடிக்காத உடுப்பு இருந்தது, ஓடி வர ஆட்கள் இருந்தார்கள். ராஜபாளையம் ரோட்டில் எதிரே வருவது திருநெல்வேலி பஸ்ஸும் நெல் மூட்டை டிராக்டரும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம் என்பது வேறு விஷயம். சட்டத்தைவிட டிராக்டர் கெட்டி.

உண்மையிலேயே ஆசை இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி உண்டு. திறந்த மைதானத்தில், நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரையில், கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். கூட்டமாக மோதிக் கொள்ளும் பந்தயம் இல்லை, கடிகாரத்தோடு போட்டி. கூம்பை இடித்தால் சில விநாடிகள் தண்டம். வீட்டுக் காரையே கொஞ்சம் தயார் செய்து ஓட்டுபவர்களும் உண்டு. கார் பந்தயங்களிலேயே செலவு குறைந்த வாசல் அதுதான். சங்கரன்கோவிலில் தளம் கிடையாது, கோவைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். பஸ் செலவு, லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் நெசவுத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அதுவும் பெரிய தொகைதான். கரிவரதன் மாதிரி இன்னொருவர் வர வேண்டிய தேவை இன்னும் தீரவில்லை.

ஆனால் மண்ணில் பழைய காரில் கற்றுக் கொள்வதும், மாருதி எஞ்சினில் அஜித் கற்றுக் கொண்டதும் ஒரே பாடம். வண்டியின் பாரம் எங்கே இருக்கிறது, டயர் எப்போது பிடியை விடும், தன்னால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெரிந்து கொள்வது. கடைசிக் கேள்விக்குத்தான் துபாயில் அவர் பதில் சொன்னார்.

2021 டிசம்பரில் தன்னை ‘தல’ என்று கூப்பிட வேண்டாம், அஜித் என்றோ ஏகே என்றோ சொன்னால் போதும் என்று கேட்டுக் கொண்டார். துபாய்ப் பந்தய நேரத்தில் கொடுத்த பேட்டியிலும், அவரவர் வாழ்க்கையை முதலில் பாருங்கள் என்றுதான் ரசிகர்களிடம் சொன்னார். டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

கொசுறு: மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்று விட்டது. அடுத்த தடவை ஊரில் ஒரு பழைய 800 உறுமிக் கொண்டு ஏற்றம் ஏறுவதைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள். அந்த எஞ்சினில் தொடங்கிய ஒருவர் ஃபார்முலா 1 வரை போயிருக்கிறார் :-)